கார் நகரத்து எக்காளம்

இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரகடம் கூட்டுச்சாலையில் நின்றிருக்கிறீர்களா? வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். ஒவ்வொரு சன்னலிலும் தூங்கி வழியும் ஒரு தலை, காதில் ஒரு கம்பி. அந்தக் காதுகளுக்குள் என்ன இசை ஓடுகிறது என்று யோசித்தபடி நான் பல இரவுகள் அங்கே நின்றிருக்கிறேன்.

எங்கள் லைனில் வேலை பார்த்த ஒரு பையனுக்குச் செய்யாறுப் பக்கம் ஊர். அவனுடைய அப்பா பேண்டு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவர். பையனும் பத்து வயதிலிருந்து கல்யாண ஊர்வலங்களில் ஊதியவன். ஊரிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்து வந்தாயா என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தான். "ரூம்ல ஆறு பேரு சார். ரெண்டு பேரு எப்பவும் தூங்கிட்டிருப்பாங்க. எங்க ஊதுறது?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடித்தான் வேறொரு கார் நகரத்தின் கதைக்குள் போனேன். அங்கே ஒரு ட்ரம்பெட் கலைஞர் எனக்குக் கிடைத்தார்.

சென்னையையும் அதன் மேற்குப் புறத்தையும் ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளிலும் நாளிதழ்த் தலைப்புகளிலும் இந்த அடைமொழியைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஹூண்டாய் 1996இல் இங்கே வந்து 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. இந்தப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அடைமொழி பொருத்தமானதே. ஆனால் டெட்ராய்ட் காரை மட்டும் உற்பத்தி செய்த ஊர் அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூர் ஜாஸ் கலைஞர்களையும் அதே வேகத்தில் உலகுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ட்ரம்பெட்டில் டொனால்ட் பேர்ட், பாஸில் பால் சேம்பர்ஸும் ரான் கார்ட்டரும், கிதாரில் கென்னி பரல், பியானோவில் டாமி ஃபிளானகனும் பேரி ஹாரிஸும் அவ்வூரில் உருவானவர்கள். பக்கத்துப் பான்டியாக்கிலிருந்து தாட், எல்வின், ஹாங்க் என்ற ஜோன்ஸ் சகோதரர்கள் மூவர் வந்தனர். இத்தனை பேரை ஒரே ஊர் எப்படி உருவாக்கியது?

இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நான் கேட்ட இசைத்தட்டு, மார்கஸ் பெல்கிரேவ் 1974இல் வெளியிட்ட ‘ஜெமினி டூ’. ஜெமினி என்றதும் நமக்கு ஸ்டுடியோவும், 1973இல் திறக்கப்பட்ட மேம்பாலமும் நினைவுக்கு வரும். பெல்கிரேவ் பிறந்தது 1936ஆம் ஆண்டு ஜூன் 12. மேலை நாட்டு ராசிக் கணக்கில் அது மிதுனம், அதாவது இரட்டையர். ஹார்ட் பாப், மோடல், ஃப்யூஷன் ஆகிய மூன்று ஜாஸ் பாணிகளும் ஒரே தட்டில் கலந்து வரும் இசை இது. உலகப் புகழ்பெற்ற தட்டு என்று சொல்ல முடியாது. ஆயினும் ஓர் ஊரின் வரலாறு இவ்வளவு அடர்த்தியாகப் பதிந்த தட்டுகள் குறைவு.

பெல்கிரேவ் டெட்ராய்ட்டில் பிறந்தவர் அல்லர். பென்சில்வேனியாவின் செஸ்டர் என்ற தொழில் நகரம் அவருடைய சொந்த ஊர். சிறு வயதில் தந்தையிடம் ஊதக் கற்றார். அருகிலிருந்த வில்மிங்டனைச் சேர்ந்த கிளிஃபர்ட் பிரவுனின் அறிமுகமும் வழிகாட்டுதலும் அவருக்கு வாய்த்தன. ஹார்ட் பாப் பாணியின் மிகச் சிறந்த ட்ரம்பெட் கலைஞர்களில் ஒருவரான பிரவுன் 1956 ஜூனில் சாலை விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 25. அதற்குப்பின் பெல்கிரேவ் ரே சார்ல்ஸின் குழுவில் சேர்ந்து சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். 1960களின் முற்பகுதியில் டெட்ராய்ட்டில் குடியேறினார். புகழ் தேடும் ஜாஸ் கலைஞர்கள் டெட்ராய்ட்டை விட்டு நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இவர் எதிர்த்திசையில் வந்தார், வந்தவர் அங்கேயே தங்கியும்விட்டார்.

அவர் வந்து சேர்ந்த ஊரின் முன்கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1913இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்துவரிசை தொடங்கியது. வேலையின் சலிப்பு தாங்காமல் ஆட்கள் விலகிக்கொண்டே இருந்தனர். அவர்களை நிறுத்திவைக்க 1914இல் ஒரு நாளைக்கு ஐந்து டாலர் என்று கூலி அறிவிக்கப்பட்டது. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்தும் இனக்கொடுமையிலிருந்தும் விடுபட விரும்பிய கறுப்பின மக்கள் பல்லாயிரக்கணக்கில் வடக்கே புறப்பட்டனர். ஆலைகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தவை வார்ப்படச் சாலை போன்ற, வெப்பமும் ஆபத்தும் மிகுந்த வேலைகள். குடியிருக்க அனுமதிக்கப்பட்டவை ‘பிளாக் பாட்டம்’ போன்ற நெரிசலான சில பகுதிகள் மட்டுமே. அப்பகுதியின் உயிர்நாடியான ஹேஸ்டிங்ஸ் தெருவில் இசை விடுதிகள் வரிசையாக இருந்தன.

ஆனாலும் கூலி தொடர்ந்து வந்தது. 1941இல் ஃபோர்டு நிறுவனமும் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டபின் அது மேலும் உறுதிப்பட்டது. உறுதியான கூலி இருந்தால் தவணையில் ஒரு சிறு வீடு வாங்கலாம். வீடு இருந்தால் முன்னறையில் ஒரு பியானோ வைக்கலாம். கிரினெல் பிரதர்ஸ் என்ற உள்ளூர்க் கடை பியானோக்களைத் தவணைக்கு விற்றது. பொதுப் பள்ளிகளில் இசை ஒரு பாடமாகவே இருந்தது. காஸ் தொழில்நுட்பப் பள்ளி என்ற அரசுப் பள்ளியில் பேர்டும் சேம்பர்ஸும் கார்ட்டரும் படித்தனர். பள்ளி முடிந்த பிள்ளைகள் பேரி ஹாரிஸின் வீட்டில் கூடி, பியானோவைச் சுற்றி நின்று ஒத்திசைவின் நுட்பங்களைக் கற்றனர். குருகுலம் என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் இருந்த ஏற்பாடு அது. யூசெஃப் லத்தீஃப் போன்ற கலைஞர்கள் கிரைஸ்லர் ஆலையில் வேலையும் பார்த்தனர், இரவில் சாக்ஸஃபோனும் வாசித்தனர். டயர்மன் சாலையிலிருந்த ‘புளூபேர்ட் இன்’ விடுதியில் கேட்க வருபவர்களும் ஆலைத் தொழிலாளர்கள்தாம். மைல்ஸ் டேவிஸ் 1953-54இல் சில மாதங்கள் இவ்வூரில் தங்கி அங்கே வாசித்தார். நியூயார்க் திரும்பியதும் அவர் பதிவு செய்த ‘வாக்கின்’ ஹார்ட் பாப் பாணியின் தொடக்கக் கற்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இங்கே மூன்று பாணிகளையும் சுருக்கமாக விளக்கிவிடுகிறேன். 1940களில் தோன்றிய பீபாப் அதிவேகமானது, அறிவுக்கூர்மை மிக்கது. அதன் ஒத்திசைவு நுட்பத்தைக் கைவிடாமல், தேவாலயப் பாட்டின் உருக்கத்தையும் புளூஸின் மண் வாசனையையும் சேர்த்தது ஹார்ட் பாப். இதில் கார்டுகள் என்னும் சுரக்கூட்டுகள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கும். தனிவாசிப்பவர் ஒவ்வொரு கூட்டுக்கும் ஏற்பத் தம் பாதையை மாற்றிக்கொண்டே ஓட வேண்டும்.

1950களின் இறுதியில் இந்த ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தவர்களில் முதன்மையானவர் மைல்ஸ் டேவிஸ். 1959இல் வெளிவந்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ தட்டின் ‘ஸோ வாட்’ உருப்படி, 32 அளவுகள் கொண்ட சுற்றில் முதல் 16 அளவுகளுக்கு ஒரே சுரவரிசையில் நிற்கிறது. அந்த டோரியன் வரிசையின் சுரங்கள் நம் கரஹரப்பிரியாவின் சுரங்களே. அடுத்த 8 அளவுகளுக்கு அதே வரிசை அரைச் சுரம் மேலேறும். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பும். இதுவே மோடல் ஜாஸ். ராகத்துக்கு நெருக்கமாகத் தோன்றினாலும் இது ராகம் அன்று. கமகமும் பிடிகளும் இதில் இல்லை, சுருதியே இடம் மாறுகிறது. எனினும் ஒரு சுரவரிசைக்குள் நின்று நிதானமாக வளர்த்தெடுக்கும் மனநிலை நம் ஆலாபனைக்கு அந்நியமன்று. அந்த உருப்படியைத் தன் பாஸினால் நடத்திச் செல்பவர் காஸ் பள்ளி மாணவர் பால் சேம்பர்ஸ் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

மூன்றாவது ஃப்யூஷன். 1960களின் இறுதியில் மின்பியானோ, மின்பாஸ், சிந்தசைசர் ஆகியவையும் ராக், ஃபங்க் தாளங்களும் ஜாஸுக்குள் வந்தன. 1970இல் வெளிவந்த மைல்ஸின் ‘பிட்சஸ் புரூ’ இதன் பெரும் திருப்பம். டெட்ராய்ட்டின் டொனால்ட் பேர்ட் 1973இல் ‘பிளாக் பேர்ட்’ தட்டின் மூலம் இப்பாணியில் பெரும் விற்பனை கண்டார்.

பெல்கிரேவின் தட்டில் இம்மூன்றும் சேர்ந்தது தற்செயல் அன்று. ஒவ்வொன்றும் அவ்வூர் வாழ்க்கையின் ஓர் அடுக்கு. 1959இல் மோட்டவுன் நிறுவனத்தைத் தொடங்கிய பெரி கோர்டி, முன்பு ஃபோர்டின் லிங்கன்-மெர்குரி பொருத்துவரிசையில் நின்றவர். வெறும் சட்டமாக உள்ளே நுழையும் பொருள் மறுமுனையில் முழுக் காராக வெளியேறும் அந்த முறையையே அவர் பாட்டுக்கும் கைக்கொண்டார். எழுதுபவர், பயிற்றுபவர், வாசிப்பவர், தரம் பார்ப்பவர் என்று நிலையங்கள் அமைந்தன. அந்தப் பாட்டுகளின் பின்னணியில் வாசித்தவர்களில் பலர் அவ்வூர் ஜாஸ் கலைஞர்கள். பெல்கிரேவும் மோட்டவுன் பதிவுகளில் ஊதியிருக்கிறார். பகலில் பாட்டுத் தொழிற்சாலை, இரவில் ஜாஸ் விடுதி என்பது அவர்கள் வாழ்க்கை.

பிறகு வரிசை அறுந்தது. ஹேஸ்டிங்ஸ் தெரு அதிவேக நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்டது. அந்த நெடுஞ்சாலைக்கு ஒரு கார் நிறுவனரின் பெயரே சூட்டப்பட்டது, கிரைஸ்லர். 1967 ஜூலையில் வெடித்த கலவரத்தில் 43 பேர் மாண்டனர். 1968இல் டாட்ஜ் ஆலையின் கறுப்பினத் தொழிலாளர்கள் நிர்வாகத்தை மட்டுமன்றித் தம் தொழிற்சங்கத் தலைமையையும் எதிர்த்துத் தனி அமைப்புக் கண்டனர். 1972இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்தது. கலைஞர்கள் ஒரே நாளில் வேலை இழந்த தொழிலாளர்களின் நிலைக்கு வந்தனர். 1973இன் எண்ணெய் நெருக்கடி கார்த் தொழிலையே உலுக்கியது.

இந்த இடிபாட்டுக்கு நடுவில்தான் சாக்ஸஃபோன் கலைஞர் வெண்டல் ஹாரிசனும் டிராம்போன் கலைஞர் ஃபில் ரானலினும் ‘ட்ரைப்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினர். பெரிய நிறுவனங்களுக்காகக் காத்திராமல் தாமே பதிவு செய்து, தாமே அச்சிட்டு, தாமே விற்றனர். அதே பெயரில் ஒரு சஞ்சிகையும் நடத்தினர். சிறுபத்திரிகை மரபில் வந்த நமக்கு இந்த வேகமும் இதன் கைக்காசு நஷ்டமும் எளிதில் புரியும். இக்கூட்டமைப்பு வெளியிட்ட தட்டுகளில் ஒன்றே ‘ஜெமினி டூ’. பெல்கிரேவ் தம் பெயரில் வெளியிட்ட முதல் தட்டு அது. அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

‘ஸ்பேஸ் ஒடிஸி’, ‘ஜெமினி டூ’, ‘குளூ ஃபிங்கர்ஸ்’, ‘மார்சியாஸ் ஓபல்’, ‘ஓடம்ஸ் கேவ்’ ஆகியன இதன் உருப்படிகள். ஹாரிசனும் ரானலினும் உடன் வாசிக்கின்றனர். பியானோவில் ஹெரால்ட் மெக்கின்னி. டிரம்ஸில் ராய் புரூக்ஸ், ஹோரஸ் சில்வரின் ஹார்ட் பாப் குழுவில் தேர்ந்தவர். ட்ரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் மூன்றும் சேர்ந்து பல்லவியை எடுக்கும் முறை நேராக ஹார்ட் பாப் மரபிலிருந்து வருகிறது. கீழே சிறிய பாஸ் வரி ஒன்று திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் ஒரே சுரத்தளத்தில் தனிவாசிப்பு விரிவது மோடல் மரபு. மின்விசைப் பலகைகளும் சிந்தசைசரின் விண்வெளி ஓசைகளும் எழுபதுகளின் குழந்தைகள். ஆயினும் இது மூன்று கடைகளில் வாங்கிச் சேர்த்த பண்டம்போல் ஒலிப்பதில்லை. கலவையை ஒட்டி நிறுத்துவது பெல்கிரேவின் ட்ரம்பெட் நாதம். எத்தனை மின்னோசை சூழ்ந்தாலும், கிளிஃபர்ட் பிரவுனிடமிருந்து வந்த உருண்டு திரண்ட அந்த ஒலி, ஒரு மனிதக் குரலைப்போல் நடுவில் நிற்கிறது. ஊரே கலைந்துகொண்டிருக்கும்போது கலையாமல் நிற்பவனின் குரல் என்றே எனக்குத் தோன்றும்.

அவர் நிற்பதோடு நிறுத்தவில்லை. அதே காலத்தில் இளைஞர்களுக்கான ஜாஸ் பயிலரங்கைத் தொடங்கினார். பியானோவில் ஜெரி ஆலன், சாக்ஸஃபோனில் கென்னி காரட், வயலினில் ரெஜினா கார்ட்டர் என்று பின்னாளில் உலக மேடைகளை ஆண்ட பலர் அவரிடம் பயின்றவர்கள். ஊரின் மக்கள்தொகை 1950இல் ஏறத்தாழ 18.5 லட்சம். 2010இல் அது 7 லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியது. 2013இல் நகராட்சியே திவாலாயிற்று. இந்தச் சரிவின் ஊடே அவர் கற்பித்துக்கொண்டே இருந்தார். டெட்ராய்ட்டின் டெக்னோ இசைக் கலைஞர் கார்ல் கிரெய்க் 2009இல் ட்ரைப் கலைஞர்களை மீண்டும் கூட்டி ‘ரீபர்த்’ என்ற தட்டை உருவாக்கியபோது பெல்கிரேவும் அதில் வாசித்தார். 2015 மே மாதம் மறைந்தார்.

டெட்ராய்ட்டுக்கும் தமிழ் நிலத்துக்கும் இசைவழி உறவு ஒன்று ஏற்கெனவே உண்டு. அவ்வூரில் 1937இல் பிறந்த ஆலிஸ் கோல்ட்ரேன், 1971இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற மோடல் ஜாஸ் தட்டுக்கு வைத்த பெயர் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. அந்தச் சச்சிதானந்தர் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிபாளையத்தில் பிறந்தவர். கார் நகரத்துப் பெண் ஒருவர் கொங்கு நாட்டுத் துறவியின் பெயரில் ஹார்ப் வாசித்ததை நாம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அடைமொழியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தொழிலும் பாட்டும் சேர்ந்து வளர்ந்த வரலாறு நமக்கும் இல்லாமல் இல்லை. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகிறது. அந்த வடசென்னையின் உழைப்பாளர் குடியிருப்புகளில்தான் கானா தழைத்தது. சாவு வீட்டு இரவுகளில் பாடப்பட்ட அப்பாட்டு, 2018இல் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது ராக்குடனும் ராப்புடனும் கலந்து நின்றது. அதுவும் ஒரு ஃப்யூஷன்தான். பக்கிங்ஹாம்-கர்நாடிக் ஆலை மூடப்பட்டதும், ஹூண்டாய் இங்கே கால்பதித்ததும் ஒரே ஆண்டில், 1996இல். ஆலை வடக்கிலிருந்து மேற்குக்குப் பெயர்ந்தது என்று சொல்லலாம். பாட்டு பெயர்ந்ததா என்பதே கேள்வி.

இயந்திரத்தின் சத்தமே டெட்ராய்ட் இசையானது என்று எழுதுவது எளிது. அது உண்மையின் சிறு பகுதி மட்டுமே. நான் படித்தறிந்தவரை அவ்வூர் இசையைப் பெற்றெடுத்தவை நான்கு. நின்று நிலைத்த கூலி, சொந்தமாக ஒரு முன்னறை, இசை கற்பித்த அரசுப் பள்ளி, வேலை முடிந்து உட்கார்ந்து கேட்க ஒரு தெரு. இனவெறி இந்நான்கையும் குறுக்கப் பார்த்தது. எனினும் இரண்டு தலைமுறைகளாவது ஒரே இடத்தில் வேர்பிடிக்க முடிந்தது.

நம் வழித்தடத்தில் இவற்றைத் தேடிப் பாருங்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. எட்டு ஆண்டுகளில் ஓர் ஆலை வந்து போகும் இடத்தில் ஒரு தெரு உருவாகாது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 படுக்கைகள் உள்ளன. கூடுவாடகைக்கு அலைந்த பெண்களுக்குப் பாதுகாப்பான இருப்பிடம் கிடைத்தது பெரிய செய்தி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கைகளால் எண்ணப்படும் இடம் தூங்குவதற்கானது. கூடத்தில் ஒரு வீணையோ கீபோர்டோ வைத்துத் தங்கைக்குச் சொல்லிக்கொடுப்பதற்கானது அன்று. அதே 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. 1918ஐயும் 1941ஐயும் அறிந்தவர்களுக்கு அது பழைய கோரிக்கை. அதற்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்பவர் டெட்ராய்ட்டை அரைகுறையாகவே படித்தவர்.

பெல்கிரேவின் வாழ்க்கையில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. கூலியும் தெருவும் போனபின்னும் அவர் ஓர் அறையைத் திறந்துவைத்தார். பிள்ளைகள் வந்தார்கள். ஒரு விடுதிக்கு ஓர் ஒலியடக்கிய அறை, ஒரு பள்ளிக்கு ஓர் இசையாசிரியர், வல்லக்கோட்டை முருகன் கோயில் திருவிழாவில் ஆலைப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை. இவை கோடிக்கணக்கில் செலவாகும் காரியங்கள் அல்ல.

ட்ரம்பெட் வாசிப்பவர்களுக்கு உதடுதான் உயிர். சில வாரங்கள் ஊதாமலிருந்தால் உதட்டின் தசை தளர்ந்துவிடும், மேல் சுரங்கள் நிற்காது. எங்கள் லைன் பையன் ஒப்பந்தம் முடிந்து சென்ற ஆண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். போவதற்கு முன் ‘ஜெமினி டூ’வை அவன் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். பேருந்து வரும்வரை கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வலக்கையின் மூன்று விரல்கள் தொடையின்மேல் வால்வுகளை அழுத்திக்கொண்டிருந்தன.